கோடை மழையும் வலசைப் பறவைகளும்

பங்குனியில் ஒரு மழை விழுந்தால் எங்கள் பக்கம் எல்லாரும் கோடை உழவுக்கு ஓடுவார்கள். நான் குடையோடு வேலியோரம் போய் உட்காருகிறேன். "இன்னாண்ணே, மழையில யாருக்குக் காவலு?" என்று பக்கத்துக் கொல்லைக்காரத் தம்பி சிரித்தான். காவல் இல்லை, கணக்கெடுப்பு.

கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் கொல்லை. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கேயிருந்து வரும் வலசைப் பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. சின்னப் பறவைகளில் பலவும் இரவில்தான் பறக்கும். வழியில் மழையும் எதிர்காற்றும் பிடித்துக்கொண்டால் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். அங்கே புதரும் பூச்சியும் இருந்தால் தின்று உடம்பு தேற்றிக்கொண்டு கிளம்பும். அதனால் மழை விட்ட காலைதான் பார்க்க நல்ல நேரம்.

போன வருஷம் வேலியை வெட்டிவிட்டுக் கம்பி போட ஆள் சொல்லியிருந்தேன். நிழலில் மூன்று சால் பயிர் தேறுவதில்லை, எலி அடைகிறது என்பது என் வீட்டுக்காரியின் புகார். புகார் பொய்யில்லை. ஆள் வர வேண்டிய அன்று மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் விடியலில் புங்க மரத்தடிச் சருகை ஏதோ புரட்டுகிற சத்தம். பாம்போ என்று பார்த்தால், மைனாவைவிடச் சிறிய, குட்டை வால் பறவை. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. ஆறுமணிக்குருவி! காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசில் அடிப்பதால் அந்தப் பேர். குளிர்காலத்தைத் தெற்கிலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போகிறது. எடை ஐம்பது, அறுபது கிராம்தான். ஈரச் சருகைத் தள்ளித் தள்ளி வண்டையும் புழுவையும் எடுத்துத் தின்றது. நாம் மூடாக்கு என்று போடுகிறோமே, அதுதான் அதற்குப் பந்தி. சருகைக் கூட்டிக் கொளுத்திய கொல்லையில் அது இறங்கி என்ன செய்யும்?

மழைக்குப் பின் ஈசல் கிளம்பினால் தலையை மேலே தூக்குங்கள். தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும் சுற்றிச் சுற்றிப் பிடிக்கும். பழுப்புக் கீச்சான் முள் கிளையில் உட்கார்ந்து வெட்டுக்கிளியைக் குறிவைக்கும். கதிர்க்குருவிகள் இலைக்கு அடியில் புழு தேடும். அதற்காகப் பறவை வந்தால் பூச்சித் தொல்லையே தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மக்காச்சோளக் குருத்துக்குள் போய்விட்ட படைப்புழுவைப் பறவை எட்டுவது கஷ்டம். சோளக்குருவியைப் பாருங்கள். சீனாவின் சிஞ்சியாங்கில் வெட்டுக்கிளியை அடக்க அதற்குக் கல்லில் கூடு கட்டிக் கொடுக்கிறார்கள். நம் ஊருக்கு வந்தால் அதே குருவி கூட்டமாக இறங்கிச் சோளக் கதிரை உருவும். இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும்.

நான் செய்வது இவ்வளவுதான். மழை விட்டதும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் இருப்பேன். என்ன பறவை, எங்கே உட்கார்ந்தது, எதைத் தின்றது, எவ்வளவு மழை என்று குறிப்பேன். பேர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாலையும் எழுதினால் போதும். இடி மின்னல் இருந்தால் மட்டும் மரத்தடிக்குப் போகாதீர்கள், பறவை எங்கும் போய்விடாது. களைத்துப்போன ஆறுமணிக்குருவி சில சமயம் வீட்டுக்குள்ளேயே வந்து விழும். வாயில் தண்ணீர் ஊற்றாமல், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, தேறியதும் சாயங்காலம் புதரோரம் விட்டுவிடுங்கள். பூனையைக் கட்டிப்போடுங்கள்.

வெட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். ஆவணியில் கொல்லைப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்தேன், சருகைத் தொடவில்லை. எலி இன்னும் இருக்கிறது. மூன்று சாலுக்கு வீட்டுக்காரி கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மஞ்சள் கொஞ்சம் நிழல் தாங்கும் என்பதால் வைகாசியில் அங்கே ஊன்றிப் பார்க்கலாம் என்று விதைக் கிழங்கு கேட்டு வைத்திருக்கிறேன்.