சேட்லி போதும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலச் சிறுகதை கிடைத்தது. உரையாடல் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் முதல் பக்கத்திலேயே உன் நாயகன் 'சேட்லி' நடக்கிறான், 'மிசரபிலி' தோற்கிறான், 'ஹோப்லெஸ்லி' ஜன்னலைப் பார்க்கிறான். அவன் படும் பாட்டை வாசகன் உணர்வதற்குள் நீ முந்திக்கொண்டு அறிவித்துவிடுகிறாய்.

இந்த மாதிரி வினையடைகளே வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஸ்டீபன் கிங் 2000-இல் வெளியிட்ட 'ஆன் ரைட்டிங்' நூலில் அவற்றை ஒரு பிடி பிடிக்கிறார். எல்மோர் லெனார்ட் 2001-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய பத்து விதிகளில் ஒன்று, 'செட்' (said) என்ற வினைக்கு வினையடை சேர்க்கவே கூடாது என்பது. நான் அவ்வளவு கறார் இல்லை. எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து வை, அது போதும்.

முதலில் இடம். 'ஹி லெஃப்ட் சேட்லி' என்றால் போனவன் வருத்தத்தோடு போனான். 'சேட்லி, ஹி லெஃப்ட்' என்றால் வருத்தம் உன்னுடையது. அவன் சீட்டியடித்துக்கொண்டே போயிருக்கலாம். வாக்கியத்தின் தலைமாட்டில் உட்காரும் சேட்லி, அன்ஃபார்ச்சுனேட்லி எல்லாமே சொல்பவனின் அபிப்பிராயம். கதைசொல்லியே ஒரு பாத்திரமாக இருந்தால் அந்த அபிப்பிராயத்துக்கு மதிப்புண்டு. பத்திரிகை வேலைக்கும் முயல்வதாக எழுதியிருக்கிறாய். அங்கே இதற்கு இடமே இல்லை. விபத்தில் நான்கு பேர் இறந்தால் அது துரதிர்ஷ்டம் என்று நிருபர் வாசகனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'ரிக்ரெட்டபிலி', 'ரிக்ரெட்ஃபுலி' இரண்டையும் குழப்பாதே. முன்னது நடந்த காரியம் வருந்தத்தக்கது என்கிறது. பின்னது செய்தவர் மனவருத்தத்தோடு செய்தார் என்கிறது. ரயில் தாமதமானதற்கு 'ரிக்ரெட்ஃபுலி' போட்டால், ரயிலா வருந்தியது என்று கண்டிப்பான உதவி ஆசிரியர் கேட்பார்.

'பேட்லி' இன்னும் வழுக்கும். 'ஹி பேட்லி வான்டட் டு வின்' என்றால் அவனுக்கு ஜெயிக்க வேண்டும் என்று அப்படி ஒரு வெறி. அந்தச் சொல்லைக் கடைசிக்குத் தள்ளி 'ஹி வான்டட் டு வின் பேட்லி' என்று எழுதினால், மோசமாக ஆடியாவது ஜெயிக்க நினைத்தான் என்றும் படிக்க இடம் வந்துவிடும். துன்பத்தைக் குறித்த பல சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டன. 'ஆஃபுலி நைஸ்' என்பதில் பயங்கரம் எதுவும் மிச்சமில்லை. 'ஹோப்லெஸ்லி இன் லவ்' என்பவன் பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறான்.

இனி தோல்வி. 'ஹி ட்ரைட் அன்சக்ஸஸ்ஃபுலி டு ஓப்பன் த டோர்' என்று எழுதியிருக்கிறாய். இலக்கணம் சரி, படித்தால் போலீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. 'த டோர் உட் நாட் ஓப்பன்' என்று வை. கதவு மல்லுக்கு நிற்பது தெரியும். 'ஃபெயில்ட் மிசரபிலி' ஊரெல்லாம் புழங்கித் தேய்ந்த ஜோடி. எப்படித் தோற்றான் என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

1952-இல் வந்த ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் த சீ' தொடக்கத்தை எடுத்துப் பார். 84 நாளாகக் கிழவருக்கு ஒரு மீன் கூடக் கிடைக்கவில்லை என்று முதல் வாக்கியமே கணக்குச் சொல்லிவிடுகிறது. முதல் 40 நாள் கூட இருந்த பையனைப் பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். படகின் பாய் மாவுச் சாக்கால் ஒட்டுப்போட்டது. அங்கேயும் 'டெஃபினிட்லி', 'ஃபைனலி' என்று வினையடைகள் உண்டு. ஆனால் அவை கிழவரின் அதிர்ஷ்டம் தீர்ந்துவிட்டது என்று பையனின் பெற்றோர் சொன்ன தீர்ப்பில் வருகின்றன, அதுவும் கணக்கைச் சொன்ன பிறகு. வினையடையை யார் வாயில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

செய்தியிலும் கணக்கே பேசட்டும். 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. 'நேரோலி' என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் 269க்கு 270 என்ற கணக்கு கையில் இருக்கும்போது அந்தச் சொல் எதற்கு?

அப்படியானால் வினையடையை எங்கே வைத்துக்கொள்ளலாம்? வினை ஒரு பக்கம் இழுக்க, உணர்வு மறுபக்கம் இழுக்கும் இடத்தில். 'ஷி ஸ்மைல்ட் சேட்லி' என்பதில் சேட்லியை எடுத்துவிட்டால் அவள் மகிழ்ந்து சிரித்ததாக ஆகிவிடும். அழுகிறவளுக்கு அதே சொல்லைப் போட்டால் அது வெறும் எடை. கடிதத்தில் ஒருவருக்கு இல்லை என்று சொல்ல நேரும்போதும் ஓர் 'அன்ஃபார்ச்சுனேட்லி' மரியாதைக்கு உதவும். ஒன்றே போதும், இரண்டாவது வந்தால் வருத்தம் நடிப்பாகத் தெரியும்.

கதையைத் திரும்ப எடு. துக்கமும் தோல்வியும் சொல்லும் வினையடைகளைப் பென்சிலால் அடித்துவிட்டு உரக்கப் படி. பொருள் மாறாத இடத்தில் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். பொருள் மாறினால் மட்டும் திரும்பச் சேர். திருத்திய படியை எனக்கு அனுப்பு, படிக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்