கயிற்றை விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள்

சுங்கை புரோங் வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும், கோல சிலாங்கூர்த் தோட்டங்களின் செம்பனை மரத்தடியிலும் புல்லுக்கு ஓய்வு கிடையாது. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கிய காலத்தில் கைக்கருவியால் செய்த வேலையை, இன்று முதுகில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டும் மெஷின் செய்கிறது. குத்தகைக்குப் புல் வெட்டுகிறவருக்குக் காலை நேரம்தான் காசு. அந்த நேரத்தில் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலோர் கை ஓயும்வரை கயிற்றை இழுக்கிறார்கள். கயிறு அறுகிறது, எஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்புகிறது. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆறேழு இழுப்பில் பிடிக்காவிட்டால் கயிற்றை விடுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

அதற்கு முன் சோக் விஷயம். பட்டறைக்கு வரும் மெஷின்களில் பல, கோளாறே இல்லாமல் சோக்கைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தவை. குளிர்ந்த எஞ்சினுக்குச் செய்ய வேண்டியது இது: ரப்பர்க் குமிழை, குழாயில் எண்ணெய் ஓடுவது தெரியும்வரை அழுத்துங்கள். சோக்கை மூடுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்து, தடை தட்டும் இடத்திலிருந்து விசையாக இழுங்கள். இரண்டாவது மூன்றாவது இழுப்பில் எஞ்சின் ஒருமுறை ‘டப்’ என்று இருமும். அந்தக் கணமே சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் மேலும் இழுத்தால் சிலிண்டர் பெட்ரோலில் நனைந்துபோகும். நம் ஊர் வெயிலில், தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது சோக் தேவையே இல்லை.

இனி பிளக். நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் வந்து சேர்கிறது என்று பொருள். பிளக்கைத் துடைத்து ஓரமாக வையுங்கள். சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மெஷினைச் சாய்த்துப் பத்துமுறை கயிற்றை இழுங்கள். தேங்கியது வெளியே வந்துவிடும். சிந்திய பெட்ரோல் முழுதாகக் காயட்டும். கரி படிந்த பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

பிறகு தீப்பொறிச் சோதனை. சுவிட்சைப் போட்டு, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் சிலிண்டரின் வெறும் உலோகத்தில் படும்படி பிடியுங்கள். துளைக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டாம். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நிழலில் வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி ‘சட்’டென்று அடிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராவிட்டாலோ முதலில் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள்.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையா? காயிலைக் குறைசொல்ல அவசரப்படாதீர்கள். முதுகு மெஷினில் நிறுத்தும் சுவிட்சின் வயர் எஞ்சினிலிருந்து கைப்பிடிவரை நீண்டு, வேலை முழுக்க வளைந்து உரசிக்கொண்டே இருக்கிறது. தோல் உரிந்து இரும்பில் பட்டால், சுவிட்சை அணைத்து வைத்ததற்குச் சமம். அக்டோபர், நவம்பர் மழையில் நனைந்த சுவிட்சும் இதே வேலையைச் செய்யும். காயிலில் செருகியிருக்கும் அந்த மெல்லிய வயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பொறி வந்தால் கோளாறு வயரிலோ சுவிட்சிலோதான். அதைச் சரிசெய்யாமல், வயர் கழன்ற மெஷினோடு வேலைக்குப் போகவே கூடாது. அவசரத்துக்குச் சுவிட்சால் நிறுத்த முடியாத கத்தி, ஆளைக் கொல்லும்.

காலையில் நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறிய பிறகே மறுபடி பிடிக்கும் மெஷினில் காயிலைச் சந்தேகிக்கலாம். நின்ற உடனே, சூட்டோடு பொறியைப் பாருங்கள். ஆறவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும்.

பிளக் காய்ந்திருந்தால் கதை வேறு. பிளக் துளையில் கலந்த எண்ணெய் சில சொட்டு விட்டு, பிளக்கை இறுக்கி இழுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் பொறியும் அழுத்தமும் நன்றாக இருக்கின்றன; எண்ணெய் வரும் வழிதான் அடைத்திருக்கிறது. தொட்டியிலிருந்து தொடங்குங்கள். உள்ளே கிடக்கும் வடிகட்டியைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்துப் பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். வெயிலில் வெடித்த குழாய் காற்றைத்தான் உறிஞ்சும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போனால் தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. இவையெல்லாம் சரி என்றால், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைத்திருக்கும். புதுச் சவ்வு துணிபோலத் துவளும். விரலில் மொடமொடத்தால் சவ்வும் கேஸ்கெட்டும் சேர்ந்த செட்டாக மாற்றுங்கள்.

கார்புரேட்டர்த் திருகுகளை மட்டும் தொடாதீர்கள். ‘அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு’ என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் வருகிறார்கள். நேற்று ஓடிய மெஷினில் திருகு ராத்திரியில் தானாகத் திரும்பாது. அதை முறுக்கிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பொறியும் எண்ணெயும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் புகைபோக்கியைக் கழற்றுங்கள். கரி அடைத்திருக்கலாம், சில வாரம் சும்மா கிடந்த மெஷினில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அந்தத் துளை வழியாகப் பிஸ்டனையும் பார்த்துவிடுங்கள். நெடுக்குக் கீறல்கள் தெரிந்து, கயிறும் தடையே இல்லாமல் லொடலொடவென்று வந்தால் அழுத்தம் போய்விட்டது. இதற்குமேல் பட்டறை வேலை.

பிஸ்டன் கீறுவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்க் கலவைதான் காரணம். மெஷின் புத்தகத்தில் 25:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி எண்ணெய்; 50:1 என்றால் 20 மில்லி. கண்ணளவு வேண்டாம். கடலோர வீடுகளில் படகு எஞ்சினுக்கு வாங்கிய எண்ணெய் இருக்கும். டிசி-டபிள்யூ3 என்று எழுதிய அந்த எண்ணெய், தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. காற்றால் மட்டும் ஆறும் புல் மெஷினின் சூட்டுக்கு அது ஆகாது. ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று போட்டதை வாங்குங்கள். கலந்த எண்ணெயை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். பாதி காலியான கேனில் வியர்க்கும் நீர் அடியில் தேங்கும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வையுங்கள், நீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். அறுவடை முடிந்து மெஷினைக் கொட்டகையில் வைக்கும்போது தொட்டியைக் காலிசெய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.