கோழி சுட்டு வாங்கும் தீயணைப்பு வண்டி

அன்புள்ள கவின்,

பென்சில்வேனியாவில் உன் கல்லூரி இருக்கும் சிற்றூரில் தீயணைப்பு வீரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோழி சுட்டு விற்றதையும், நாற்சந்தியில் பூட்ஸை நீட்டிக் காசு கேட்டதையும் எழுதியிருந்தாய். "இவ்வளவு பணக்கார நாட்டில் தீயணைப்பு வண்டிக்கு ஏன் வசூல், சித்தப்பா?" என்ற உன் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நம் ஊரில் தீயணைப்பு என்பது மாநில அரசின் துறை. திருவண்ணாமலையில் நிற்கும் வண்டிக்குத் திருவண்ணாமலைக்காரர்கள் தனியாகப் பணம் திரட்டுவதில்லை. அமெரிக்காவில் அது அந்தந்த ஊரின் பொறுப்பு. 1736இல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் ஊர்க்காரர்களைச் சேர்த்து யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். பெருநகரங்கள் பிறகு சம்பளப் படைக்கு மாறிவிட்டன, நாட்டுப்புறம் மாறவில்லை. இன்றும் அந்நாட்டின் ஏறக்குறைய பத்து லட்சம் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். பேஜர் ஒலித்ததும் மாட்டுப் பண்ணையிலிருந்தும் மெக்கானிக் கடையிலிருந்தும் ஓடி வருகிறவர்கள். அவர்கள் உழைப்பு இலவசம். வண்டி இலவசமில்லை.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. புதிய பம்ப் வண்டி ஒன்று இன்று பல லட்சம் டாலர். பத்து லட்சத்தைத் தொடுவதும் உண்டு. ஏழு லட்சம் என்றே வைத்துக்கொள். 700 வீடுள்ள ஊரில் வீட்டுக்கு ஆயிரம் டாலர் விழும். கோழி விற்று ஒரு தட்டுக்கு 5 டாலர் மிஞ்சுகிறது என்றால், 1,40,000 தட்டு விற்க வேண்டும். ஊர் சிறியது என்பதற்காக வண்டியின் விலை குறைவதில்லை. அங்கே பற்றுகிற தீயும் சிறியதாக இருப்பதில்லை. பண்ணைக் கொட்டகையில் அடுக்கிய வைக்கோல் எரிவதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது தெரியும். வண்டியோடு செலவு முடிவதுமில்லை. வீரர் உடுத்தும் பாதுகாப்பு உடையைப் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அங்குள்ள தரவிதி. மூச்சுக் கருவி, குழாய், டீசல், காப்பீடு எல்லாம் இருக்கின்றன.

சொல்லப்போனால் சிற்றூருக்குத்தான் அதிக வண்டிகள் தேவை. காரணம் தண்ணீர். நகரத்தில் தெருவோரம் ஹைட்ரண்ட் இருக்கும், குழாயை மாட்டினால் போதும். நாட்டுப்புறத்தில் பல மைலுக்கு அது கிடையாது. வண்டி தன் வயிற்றில் கொண்டு வருவதுதான் தண்ணீர். ஆயிரம் கேலன், அதாவது சுமார் 3,800 லிட்டர் இருந்தாலும், நிமிடத்துக்கு 150 கேலன் பாய்ச்சும் ஒரே ஒரு குழாய் ஏழு நிமிடத்துக்குள் அதைத் தீர்த்துவிடும். அதனால் சம்பவ இடத்தில் கித்தான் போன்ற துணியாலான மடக்குத் தொட்டியை விரிக்கிறார்கள். டேங்கர் வண்டி அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளத்துக்குத் திரும்பும். அங்கே இன்னொரு பம்ப் வண்டி குளத்து நீரை உறிஞ்சி டேங்கரை நிரப்பும். அடுத்த டேங்கர் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேரும். இந்தச் சங்கிலி அறுந்தால் குழாய் வறண்டுவிடும், வீட்டுக்குள் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஒரு வீட்டை அணைக்க மூன்று நான்கு ஊர் வண்டிகள் வந்து நிற்பது இதனால்தான்.

இத்தனைக்கும் யார் பணம் கொடுப்பது? "பயன்படுத்துகிறவன் கொடுக்கட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. டென்னசியின் சவுத் ஃபுல்டன் நகரம் அப்படித்தான் வைத்திருந்தது. நகர எல்லைக்கு வெளியே வசிப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால் வண்டி வரும். 2010 செப்டம்பரில் கட்டாத ஒரு வீட்டில் தீப்பிடித்தது. வண்டி வந்தது, பணம் கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் காத்தது, இந்த வீட்டை எரிய விட்டது. அடுத்த ஆண்டே இன்னொரு வீட்டுக்கும் அதே கதி. தீப்பிடித்த பிறகு பணம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் முன்கூட்டி யாருமே கட்ட மாட்டார்கள் என்பது நகரத்தின் வாதம். வாதத்தில் பிழை இல்லை. எரியும் வீட்டின் முன்னால் வீரர்களைக் கைகட்டி நிற்க வைக்கும் ஓர் ஏற்பாடு, அது எவ்வளவு தர்க்கமாக இருந்தாலும், எனக்கு ஏற்கவே முடியாதது. காசு கட்டாதவர் யார் என்று பார்த்துத் தீ பரவுவதில்லை. பொது வரியில் சேர வேண்டிய செலவு இது என்பதே என் உறுதியான எண்ணம். அந்த வரியைச் சுமக்கும் வட்டமும் ஓர் ஊரைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

பெரிய வட்டத்திலிருந்து ஓரளவு வரத்தான் செய்கிறது. மத்தியப் பேரிடர் நிறுவனமான ஃபீமா 2001 முதல் தீயணைப்பு நிலையங்களுக்கு மானியம் தருகிறது. 20,000 பேருக்கு உட்பட்ட ஊர் தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். ராணுவம் கழித்த லாரிகளை மத்திய வனத்துறை மாநிலங்கள் வழியாக இரவலாகக் கொடுக்கிறது. ஊர்க்காரர்கள் அதில் தொட்டியும் பம்பும் பொருத்திக் காட்டுத்தீக்கு ஓட்டுகிறார்கள். பென்சில்வேனியாவில் வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் தீக்காப்பீட்டு பிரீமியத்தில் கட்டும் 2 சதவீத வரி, தன்னார்வ வீரர்களின் நலச் சங்கங்களுக்குப் போகிறது. ஆனால் மானியம் போட்டியில் கிடைப்பது. இந்த ஆண்டு வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பி வண்டிக்கு முன்பதிவு செய்ய முடியாது. முன்பதிவு செய்தாலும் வண்டி கைக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை இப்போது.

வரி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அங்குள்ள ஒரு காப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஊர்களின் தீயணைப்புத் திறனுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறது. 10 என்றால் குறைந்தபட்ச அளவுகோலைக்கூட எட்டவில்லை என்று பொருள். நிலையத்திலிருந்து சாலை வழியாக 5 மைலுக்கு அப்பால் இருக்கும் வீடு பெரும்பாலும் 10இல்தான் விழும். பல காப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் தரத்தைப் பார்த்தே பிரீமியம் வைக்கின்றன. நிலையம் மூடப்பட்டால், ஒருநாளும் தீப்பிடிக்காத வீட்டுக்காரரும் ஆண்டுதோறும் அதற்கு விலை கொடுக்க நேரலாம்.

பணத்தைவிட வேகமாகக் குறைவது ஆட்கள். பென்சில்வேனியாவில் 1970களில் மூன்று லட்சமாக இருந்த தன்னார்வலர்கள் இப்போது நாற்பதாயிரத்துக்கும் கீழே. இருக்கிறவர்களின் நேரத்தையும் கோழி அடுப்பு தின்கிறது. பயிற்சிக்கு வேண்டிய ஞாயிறு விற்பனையில் போகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

சில நிலையங்கள் கல்லூரி மாணவர்களைத் தங்க இடம் கொடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. உனக்கு ஆசை இருந்தால், விசா விதி இடம் கொடுக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள். வண்டியில் ஏற முடியாவிட்டாலும் வேலை இருக்கிறது. ஃபீமா விண்ணப்பத்தை நிரப்ப, கடந்த ஆண்டுகளில் எத்தனை அழைப்பு வந்தது, உடைகளுக்கு எத்தனை வயது, வண்டி எப்போது வாங்கியது என்ற விவரமெல்லாம் வேண்டும். பகல் வேலை முடித்து வருகிற தச்சருக்கு அதற்கு உட்கார நேரமில்லை. உனக்கு எழுத வரும், எக்செல் தெரியும். வரும் ஞாயிறு தட்டு வாங்கும்போது, அங்கே விண்ணப்பம் எழுதுவது யார் என்று கேள்.

அன்புடன்,
சித்தப்பா