சதுரங்க நிரல்களும் மிகைகாண் தன்மையும்

1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' என்னும் கணிப்பொறி உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. இயந்திரம் மனிதனை மிஞ்சிவிட்டது என்று பலரும் வியந்தனர். புள்ளியியல் பயிலும் மாணவர் இதனை வேறு கண்கொண்டு நோக்குதல் வேண்டும். ஆடியவை ஆறே ஆட்டங்கள். அவற்றுள் மூன்று சமநிலை. கணிப்பொறி வென்றவை இரண்டு, தோற்றது ஒன்று. இருவரும் சமவலிமை உடையவர் எனக் கொள்வோம். இதுவே இன்மைக் கருதுகோள். அவ்வாறாயின், முடிவு கண்ட மூன்று ஆட்டங்களும் மூன்று முறை நாணயம் சுண்டியதற்கு ஒப்பாகும். மூன்றில் இரண்டோ மூன்றோ தலை விழும் நிகழ்தகவு சரிபாதி! புகழ்பெற்ற அவ்வெற்றி, வலிமை வேறுபாட்டுக்குச் சான்றாகாது.

மனிதரை ஆயிரம் ஆட்டம் ஆடச் சொல்ல இயலாது, நிரல்களோ களைப்பதில்லை. அ, ஆ என்னும் இரு நிரல்கள் 100 ஆட்டங்கள் ஆடுகின்றன. 'அ' வென்றவை 30, தோற்றவை 20, சமநிலை 50 என்க. சமநிலைகள் எவர் வலியவர் என்பதைச் சொல்லாவாதலின் அவற்றை ஒதுக்கிவிடலாம். வெற்றிக்கும் தோல்விக்கும் உள்ள வேறுபாடு 10. இதன் திட்டப் பிழை, முடிவு கண்ட 50 ஆட்டங்களின் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 7.07. வகுத்தால் 1.41. ஐந்து விழுக்காட்டு மிகைகாண் மட்டத்துக்கு 1.96 தேவை; எனவே வேறுபாடு நிறுவப்படவில்லை. எலோ தரப்புள்ளிகளில் சொன்னால் 'அ' 35 புள்ளி உயர்ந்தது போலத் தோன்றும். ஆனால் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியோ –13 முதல் +84 வரை பரந்து கிடக்கிறது. இதே விகிதம் 400 ஆட்டங்களில் கிடைத்தால் (120 வெற்றி, 80 தோல்வி) ஈவு 2.83 ஆகிவிடும். ஆட்டங்கள் நான்கு மடங்கானால்தான் ஈவு இரு மடங்காகும் என்பதைக் காண்க.

2017 டிசம்பரில் வெளியான முடிவொன்றில், 'ஆல்ஃபா ஜீரோ' 100 ஆட்டங்களில் 'ஸ்டாக்ஃபிஷ்' நிரலை 28 முறை வென்றது, ஒருமுறையும் தோற்கவில்லை. தற்செயலாக இது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 26 கோடியே 84 லட்சத்தில் ஒன்று. ஆயினும், ஸ்டாக்ஃபிஷுக்கு அளித்த நினைவகமும், நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற நிபந்தனையும் நியாயமானவையா என்ற வாதம் எழுந்தது. அது மிகைகாண் சோதனையால் தீரும் வழக்கன்று.

மற்றோர் இடரும் உண்டு. நாணயக் கணக்கு, ஆட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்கிறது. நிரலோ, ஒரே தொடக்கம் கொடுத்தால் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடக்கூடும். நூறு படிகள் நூறு சான்றுகள் ஆகா. ஆகையால் வெவ்வேறு தொடக்க நிலைகளைத் தந்து, நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுவர்.

பெரிதும் ஏமாற்றுவது எதுவெனில், முன்னணியில் இருக்கும் வேளை பார்த்து ஆட்டத்தை நிறுத்துவதே. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் பின் 1.96 வந்ததா என்று எட்டிப்பார்த்தால், போதிய பொறுமையுள்ளவர் சமவலிமையான இரு நிரல்களிலும் ஒன்றை வலியதாக்கிவிடலாம். இதற்கு மாற்றாக, ஆபிரகாம் வால்டு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வகுத்த தொடர்முறைச் சோதனையில் இரு எல்லைகளை முன்கூட்டியே வரையறுத்து, நிகழ்தகவு விகிதம் அவற்றுள் ஒன்றைத் தொடும்போது மட்டுமே நிறுத்துவர். ஸ்டாக்ஃபிஷ் நிரலைத் திருத்துவோர் 2013 முதல் இம்முறையையே கையாளுகின்றனர். ஓரிரு புள்ளி ஏற்றத்தை அறியவே பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடப்படுகின்றன; முன்மொழியப்படும் திருத்தங்களுள் பெரும்பாலானவை தேறுவதில்லை.