எச்.டி. பெட்டிக்கு வாங்கிய பணம்

கேள்வி: எங்கள் தெரு கேபிள்காரர் சென்ற ஆண்டு சித்திரையில் எச்.டி. பெட்டி தருவதாகச் சொல்லி 1,500 ரூபாய் வாங்கினார். இன்றும் பழைய பெட்டிதான். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மூன்று மாதமாக எச்.டி. சேனல்களுக்கும் சேர்த்தே வசூலிக்கிறார். கேட்டால், "கம்பெனி இன்னும் லைனை மாற்றவில்லை சார், நான் என்ன பண்ண?" என்கிறார். வழக்குத் தொடரலாமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தொடரலாம், ஆனால் எதற்காக என்பதில் தெளிவு வேண்டும். 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்ட 4-ஏ பிரிவின்படி, சென்னையில் 2012-லும் தங்கள் ஊர் போன்ற இடங்களில் 2017-லும் டிஜிட்டல் பெட்டி கட்டாயமாயிற்றேயன்றி, எச்.டி. தரத்தையோ கண்ணாடியிழைக் கம்பியையோ இன்ன தேதிக்குள் கொண்டுவந்தே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தம் அதில் இல்லை. ஆகவே, பக்கத்து ஊரில் வந்த நவீன வசதி எங்களுக்கு வரவில்லையே என்ற ஆதங்கம் எவ்வளவு நியாயமானதாயினும், அது மட்டுமே வழக்குக்கு ஆதாரமாகாது. மந்தமாக இருப்பது சட்டப்படி குற்றமன்று; குற்றமாக இருந்திருந்தால் நம் நாட்டில் எத்தனை ஸ்தாபனங்கள் மிஞ்சும்!

தருவதாக வாக்களித்துப் பணம் பெற்றுக்கொண்டு தராமலிருப்பதும், அந்தப் பழைய பெட்டியால் காட்டவே இயலாத சேனல்களுக்கு மாதந்தோறும் கட்டணம் வசூலிப்பதும் வேறு விஷயம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(11) பிரிவில், இதைத்தான் சேவைக் குறைபாடு என்கிறது. கம்பெனியின்மீது பழிபோட்டுக் கேபிள்காரர் தப்ப முடியாது. பணம் வாங்கியவர் அவர். எனினும் இருவரையுமே எதிர்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிடில் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டே காலம் கழிப்பார்கள்.

அத்தாட்சிதான் தங்களுக்குக் கவலை தரும் என்று யூகிக்கிறேன். ரசீது கொடுக்கவேண்டியது அவர் கடமை, கொடுத்திருக்க மாட்டார். மாதத்தின் பெயருக்கு நேரே நீலப் பேனாவால் ஒரு கீறல் இழுத்துச் செல்வாரே, அந்த அட்டையும், கைப்பேசி வழியே பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் போதும். கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து எண் பெறுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் அந்தக் கம்பெனியின் மாநிலப் பொறுப்பு அதிகாரிக்கு எழுதிவிட்டு, வழக்கறிஞர் மூலமாகவோ தாங்களாகவோ விரைவுத்தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். டிராய் எனும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிப்பதில்லை; அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

அதற்கும் அசையாவிட்டால், தஞ்சாவூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, தாங்களே ஆஜராகலாம். வழக்கெழக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டுமாதலால், "அடுத்த மாதம் வந்துவிடும்" என்ற பேச்சில் மயங்கி நாளைக் கடத்தாதீர்கள். பெட்டி அல்லது வட்டியுடன் 1,500 ரூபாய், மூன்று மாத அதிகப்படி வசூல், மிதமான நஷ்டஈடு, செலவுத் தொகை இவற்றைக் கேளுங்கள். கிரிக்கெட் பார்க்கமுடியாத மன உளைச்சலுக்கு லட்சங்கள் கேட்டு எழுதும் கட்சிக்காரர்கள் உண்டு. அப்படி எழுதினால் உண்மையான குறையும் விளையாட்டாகிவிடும். தெருவில் பலர் இப்படிப் பணம் கொடுத்திருந்தால், ஆணையத்தின் அனுமதியுடன் 35(1)(சி) பிரிவின்கீழ் எல்லோர் சார்பிலும் ஒரே மனுவாகப் போடலாம்.

இதற்கிடையில் கோபத்தில் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு பழைய பெட்டியைக் கேபிள்காரர் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வராதீர்கள். திருப்பித் தருவதாயின், பெட்டியின் எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுங்கள்.