கட்டமைப்புத் தரம்

மின்னிலக்கப் புகைப்படக் கருவி வாங்கச் செல்வோரில் பலர், "இதில் எத்தனை மெகாபிக்சல்?" என்றே முதலில் கேட்கின்றனர். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதும் அந்த எண்தான். ஆனால், கருவி எவ்வளவு உறுதியானது என்று கேட்போர் சிலரே. வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பது கருவிகளுக்கும் பொருந்தும்.

புகைப்படக் கருவி அலமாரியிலேயே இருப்பதன்று. அது பையில் குலுங்கும். கைதவறிக் கீழே விழும். திடலின் தூசியையும் கடற்கரை மணலையும் சந்திக்கும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் திடீர் மழையும் காற்றின் ஈரப்பதமும் அதற்குக் கூடுதல் சோதனைகளாகும்.

இவற்றைத் தாங்கும் ஆற்றலையே கட்டமைப்புத் தரம் என்கிறோம். விலை குறைந்த கருவிகளின் உடற்பகுதி பெரும்பாலும் நெகிழியால் ஆனது. அது எடை குறைந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதுமானது. மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆன உடற்பகுதி அதைவிட உறுதியானது. ஆயினும், விலை அதிகம். சில கருவிகளில் நீரும் தூசியும் எளிதில் புகாதவாறு, இணைப்புகளிலும் பொத்தான்களைச் சுற்றியும் ரப்பர் அடைப்புகள் பொருத்தப்படுகின்றன. அவை தூறலைத் தாங்கும். ஆனால், அத்தகைய கருவியை நீரில் மூழ்கவைக்கலாம் என்று பொருளன்று.

கடையிலேயே சிலவற்றைச் சோதிக்கலாம். கருவியைக் கையில் பிடித்து இலேசாக அழுத்தும்போது நெரியும் ஒலி கேட்கக்கூடாது. மின்கலத்தின் மூடி தளர்வின்றி மூடவேண்டும். பொத்தான்கள் ஆடக்கூடாது. வில்லையைப் பொருத்தும் வளையம் உலோகமாக இருந்தால், அடிக்கடி வில்லையை மாற்றினாலும் எளிதில் தேயாது.

உறுதியான கருவிக்கும் பராமரிப்பு தேவை. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் நெடுநாள் வைத்தால் வில்லையில் பூஞ்சை படரும், படங்கள் மங்கலாகும். எனவே, காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கருவியை வைப்பது நன்று.

எல்லாருக்கும் விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டு விழாக்களை மட்டும் படமெடுப்பவருக்கு எளிய கருவியே போதும். மழையிலும் வெயிலிலும் திடலில் நின்று படமெடுப்பவருக்கு உறுதி முக்கியம். ஓட்டப்பந்தய வீரர் எல்லைக்கோட்டைத் தொடும் நொடி ஒருமுறைதான் வரும். அந்நொடியில் கருவி இயங்காவிட்டால், அதில் எத்தனை மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை.