இடி முழங்கும் வேளையில் இல்லத்தார் பேண வேண்டியவை



சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசிகள் தம் வீட்டிலிருந்தே காணும் காட்சி ஒன்றுண்டு. பகலெல்லாம் வெயில் சுட்டெரிக்கும். அஸர் வக்து கழிந்ததும் மேற்கே மலைத்தொடரின் மீது கருமேகம் திரளும். சற்று நேரத்தில் மலையே மறைந்துவிடும். மண்வாசனையோடு குளிர்காற்று வீசும், மின்னல் வெட்டும், இடி முழங்கும்.

அந்த நேரமோ பிள்ளைகள் மதரஸாவுக்கு ஓதப் போகும் நேரம். ஆண்கள் மஃரிபு ஜமாஅத்துக்குப் புறப்படும் நேரம். பெண்கள் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க ஓடும் நேரம். ஆகவே அவ்வேளையில் ஒரு முஸ்லிம் இல்லம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

அச்சமும் ஆசையும்

திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அர்ரஃது’, அதாவது இடி என்பதாகும். அதன் 12, 13ஆம் வசனங்கள், மின்னல் மனிதருக்கு அச்சத்தையும் ஆசையையும் ஒருங்கே தருவதாகக் காட்டப்படுகிறது என்றும், இடி தன் இறைவனைப் புகழ்ந்து துதிக்கிறது என்றும் அறிவிக்கின்றன. மழையை எண்ணி ஆசை. அழிவை எண்ணி அச்சம். இவ்விரண்டில் ஒன்றை விட்டாலும் கோளாறுதான். அச்சம் மட்டும் இருந்தால் மனம் பதறும். ஆசை மட்டும் இருந்தால் அது வேடிக்கையாகிவிடும்.

கருமேகத்தைக் கண்டால் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடும். உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள். மழை இறங்கிய பின்னரே அமைதி கொள்வார்கள். காரணம் கேட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், மேகத்தைக் கண்டு மகிழ்ந்திருந்த ஆது கூட்டத்தார் அதிலிருந்தே அழிவைச் சந்தித்ததை நினைவூட்டினார்கள். மழை பொழிந்தால் அதைப் பயனுள்ள மழையாக ஆக்கும்படி இறைஞ்சுவார்கள். இடியோசை கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு இறைவனைத் துதிப்பது அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் வழக்கம்.

நாவையும் அடக்க வேண்டும். காற்றை ஏசுவது தடுக்கப்பட்டுள்ளது. ‘உன் தலையில் இடி விழ’ என்று சபிப்பது நம் வீடுகளிலும் கேட்கிறது. அதை அடியோடு விட்டொழிக்க வேண்டும். மின்னலில் மாண்டவரைப் பாவி என்று பழிப்பதும் தகாது. பிறர் முடிவைத் தீர்ப்பிடும் உரிமை நமக்கில்லை.

விதியும் எச்சரிக்கையும்

‘விதித்தது நடக்கும்’ என்று சொல்லிக்கொண்டே மாடியில் நிற்பவர் உண்டு. இது தவக்குல் அன்று. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்கள், ‘விதியிலிருந்து ஓடுகிறீர்களா?’ என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக விடையளித்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் மட்டும் நம் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்துள்ளனர். வயலிலும் வெளியிலும் நின்றவர்களே இவ்வாறு மாள்வது அதிகம்.

மின்னலின் ஒளி உடனே கண்ணுக்கு எட்டும். ஒலியோ 1 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே வீட்டுக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வெளியேறலாகாது. இடி நெருங்கினால் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது பட்டாசு ஆலைகளுக்குச் சட்டம். சிவகாசிக்கு அருகே வாழும் நமக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

கவனத்தில் கொள்க

1. துணி நனைந்தால் மீண்டும் காயும். அதற்காக மாடி ஏற வேண்டாம்.

2. இடிக்கும்போது குழாயடியில் ஒளுச் செய்வதும் குளிப்பதும் ஆபத்து. மேகம் கூடும்போதே வாளியில் நீர் பிடித்து வைத்துக்கொள்க.

3. மரத்தடியில் ஒதுங்கலாகாது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கலாகாது.

4. வாசலில் இரும்பைப் போட்டால் இடி விலகும் என்பதற்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, அறிவியலிலும் இல்லை. பள்ளிவாசல் மனாராவுக்கு முறையான இடிதாங்கி அமைப்பதே செய்ய வேண்டிய காரியம்.

5. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிராது, தயங்காமல் தொடலாம். 108க்குச் சொல்லிவிட்டு, மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்க.

மஸ்அலா

கேள்வி: கடும் இடி மழையில் ஜமாஅத்தை விடலாமா?

பதில்: விடலாம். மழை நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தது நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையே. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் மழை பெய்த ஜும்ஆ நாளில் பாங்கிலேயே அவ்வாறு சொல்லச் செய்தார்கள். வீட்டில் அத்தா இமாமாக நிற்க, மனைவி மக்கள் பின்னால் நின்று தொழுதால் அதுவும் ஜமாஅத்தே. மழைக்காக மஃரிபையும் இஷாவையும் பள்ளியில் முற்படுத்திச் சேர்த்துத் தொழுவது ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனைகளோடு ஆகும். ஹனஃபி மத்ஹபில் ஆகாது. பிள்ளைகளை ஓத அனுப்பும் விஷயத்திலும் இதே சலுகையைக் கொள்க. மதரஸாவில் இருக்கும் பிள்ளைகளை உஸ்தாதுமார்கள் இடி ஓயும் வரை உள்ளேயே இருத்திக்கொள்ள வேண்டும்.

மலைமேல் பெய்யும் மழை

ஒரு வாரம் விடாது பெய்த மழை மதீனாவில் சேதம் விளைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மீதன்றிச் சுற்றிலும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்றே இறைஞ்சினார்கள். இதன் அருமையை இராஜபாளையத்தார் நன்கறிவர். அய்யனார் கோயில் ஆற்றின் மலைநீரே ஊர்க் குழாய்க்கு வருகிறது. ஆனால் அதே மலையில் எச்சரிக்கையும் உண்டு. 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் யாத்திரை சென்ற பலரின் உயிரைக் குடித்தது. ஊரில் தூறல்கூட இல்லாதபோதும் மேற்கே இருண்டிருந்தால் பிள்ளைகளை ஓடைக்கோ அருவிக்கோ அனுப்பாதீர்கள்.

ஆகவே, வானம் முழங்கும்போது கதவைச் சாத்தி, பிள்ளைகளை அருகே இருத்தி, இடி யாரைத் துதிக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்னும் வீடு திரும்பாதவருக்காக துஆச் செய்யுங்கள். மழையை ரஹ்மத்தாக்கி, மின்னலின் தீங்கிலிருந்து நம் இல்லங்களையும் அண்டை வீட்டாரையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.